எல்லா டெஸ்ட்டும் பச்சை

அந்த அலுவலகத்தில் வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது மனிதர்கள் அல்ல, ஒரு சுவர். சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கச் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. எழுதிய கோட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் குட்டி நிரல்களை டெஸ்ட் என்பார்கள். தேறினால் கட்டம் பச்சை, தவறினால் சிவப்பு. காலையில் வருகிறவர்கள் சுவரின் முன் ஒரு நொடி நின்று, பச்சையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் தோள்பையைக் கழற்றுவார்கள். கோட் என்ன செய்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். சுவர் என்ன நிறம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

சுவரின் பச்சையைக் காப்பதற்கென்றே டெஸ்ட் கவுன்சில் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு தலைவர். கோட் எழுதுவதை விட்டுப் பல காலம் ஆகிவிட்டதால், கோட் பற்றி உறுதியாகப் பேச அவரால் முடிந்தது. அவருக்கு வலக்கையாக ஒரு ஆர்க்கிடெக்ட். பெட்டி வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடுவது அவர் தொழில். மூன்றாவது ஆள், கோல்டன் ஃபைல்களின் காப்பாளர் என்ற பதவியில் இருந்த ஒரு பெண்மணி. கோல்டன் ஃபைல் என்றால் சரியான விடை. கோட் வெளியே தள்ளுவதை டெஸ்ட் அந்த ஃபைலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒன்று பிசகினாலும் சிவப்பு. அந்த ஃபைல்களில் கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. காப்பாளருக்கே இல்லை. அவர் அவற்றைக் காத்தார், அவ்வளவுதான்.

இந்தச் சுவரைத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் புதுசு முழுக்கச் சிவப்பாக்கினாள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ புதுசு என்று கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின் யாரையும் எடுக்காததால், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் புதுசாகவே இருந்தாள். வம்புதும்புக்குப் போகாதவள், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவள். சுவரோடு அவளுக்கு ஒரு பகையும் இல்லை. அண்ணனைக் காப்பாற்றத்தான் பார்த்தாள்.

அண்ணன் கண்ணாடி பொருத்துகிறவர். உயரமான கட்டடங்களின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி தூக்கி வைக்கும் வேலை. சில மாதம் முன்பு ஒரு கண்ணாடி நழுவி முழங்கையைப் பதம் பார்த்துவிட்டது. எலும்புக்குத் தகடு வைத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைப் போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் இடுங்கி, மூச்சு முட்டி, அண்ணி அலறிக்கொண்டு அவரை மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பென்சிலின் அவருக்கு ஆகாது. அதை அவர் டாக்டரிடம் சொல்லியிருந்தார். டாக்டரும் கணினியில் தட்டி வைத்திருந்தார். முதல் வரியில் ‘எல்லா மருந்தும் கொடுக்கலாம்’, இரண்டாவது வரியில் ‘பென்சிலின் தவிர’. அந்த ஆஸ்பத்திரித் திரையில் அப்படித்தான் தட்ட முடியும். விலக்கு ஏதாவது இருந்தால் அது தானாக இரண்டாவது வரியில் போய் விழும். எந்த மருந்து கொடுப்பது என்று பார்த்து எடுக்கும் மருந்துக்கடையின் திரைக்குப் போய்ச் சேர்ந்ததோ முதல் வரி மட்டும்.

“ஏன்மா, பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போற ஆளையா நீங்க தூது அனுப்புறீங்க?” என்று வீங்கிய உதட்டோடு அண்ணன் கேட்டார். அது தங்கை வேலை பார்க்கும் கம்பெனியின் மென்பொருள் என்று அவருக்குத் தெரியும். அண்ணி சிரிக்கவில்லை. புதுசுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

தகட்டை எடுக்க அடுத்த மாதம் இன்னொரு ஆபரேஷன் இருந்தது. “முழிச்சிருந்தா வாயால சொல்லிடுவேன்,” என்றார் அண்ணன். “மயக்கத்துல கிடக்கும்போது ஊசியோட வந்து நின்னா, நான் எப்படிம்மா சொல்றது?” இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தூதன் யார் என்று புதுசு தேடிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக்கடைக்குத் தகவல் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் போகிறது. ஒவ்வொரு விஷயத்தையும் பெயர் ஒட்டிய ஒரு டப்பாவில் போட்டு மூடி அடுக்குவதுதான் அது. அப்படி அடுக்கித் தருவது ஒரு லைப்ரரி. லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் வைக்கும் இடமல்ல, எங்கோ யாரோ எழுதி வைத்த கோட். எல்லாரும் சும்மா எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். இவர்கள் சேர்த்துக்கொண்டது அரதப்பழசு, எழுதியவரே கைகழுவிவிட்டுப் போனது. டப்பாவுக்குள் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கினால், விஷயமே முடிந்துவிட்டதென்று நினைத்து மூடிவிடும். புதுசு அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறொரு லைப்ரரியைப் போட்டாள். இரண்டாவது வரி முழுசாக வந்தது. ‘பென்சிலின் தவிர’ என்ற இரண்டே சொல்லைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் சுவர் முழுக்கச் சிவப்பு. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் குவளை வழிவதுகூடத் தெரியாமல் நின்றார். யாரோ பதற்றத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. இரண்டு லைப்ரரிக்கும் பழக்கவழக்கம் வேறு. பழையது காலி டப்பாவைத் திறந்து, ஒன்றும் வைக்காமல், மூடும். புதியது ‘காலி’ என்று ஒரே குறியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பழையது நோயாளியின் வயதை முன்னாலும் ஆணா பெண்ணா என்பதைப் பின்னாலும் எழுதும், புதியது மாற்றி எழுதும். பழையது இரட்டை மேற்கோள் போடும், புதியது ஒற்றை. வரியின் தொடக்கத்தில் பழையது கொஞ்சம் இடம் விடும், புதியது இன்னும் கொஞ்சம் தாராளம். வாங்கிப் படிக்கிற கணினிக்கு இவற்றில் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது. டெஸ்ட்டுக்கு உண்டு, ஏனென்றால் டெஸ்ட் எதையும் படிப்பதில்லை. பார்ப்பதற்கு அதேபோல இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த விஷயத்தில் அது கவுன்சிலைக் கொண்டு பிறந்தது.

தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதாம்மா?”

“இரண்டாவது வரி விட்டுப் போயிட்டிருந்தது சார். சரி பண்ணியிருக்கேன்.”

“அதை யாரு கேட்டா? சுவரைப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார். அதெல்லாம் எழுதற விதத்துல இருக்கிற வித்தியாசம். அர்த்தம் துளிகூட மாறலை.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் இந்தப் பொறுப்புக்கு வந்ததுலேர்ந்து இந்தச் சுவர் ஒரு நாள்கூடச் சிவந்ததில்லை. அதுக்கு எவ்வளவு கண்டிப்பு வேணும்னு உனக்குத் தெரியாது. ஒரு டெஸ்ட் சிவக்கப் போகுதுன்னு சந்தேகம் வந்தாலே, அந்த டெஸ்ட்டைத் தூக்கிடுவேன். யாருன்னும் பார்க்க மாட்டேன்.”

“சார், மருந்து மாறினா உயிர் போயிடும்.”

“அது ஆஸ்பத்திரிப் பிரச்சினை. அவங்க பார்த்துப்பாங்க. அவங்ககிட்ட சுவர் இருக்கா? இல்ல. நம்மகிட்ட இருக்கு. நம்ம பிரச்சினையை நாமதான் பார்க்கணும்.”

சிவப்பாக்கியவர் பச்சையாகும்வரை சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். புதுசு உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, “எப்படி ஆச்சு?” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வரியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கே போன் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். “எல்லா டெஸ்ட்டும் பச்சைன்னு உங்க கம்பெனியே சான்றிதழ் குடுத்திருக்கே, நீங்க யாரு?” என்று கேட்டார்கள்.

கவுன்சில் கூடியது, விளக்கம் சொல்ல அவளையும் நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் காலி டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். திறந்து மூடிய காலியும் திறக்காமலே மூடிய காலியும் ஒன்றா? காலையில் தொடங்கிய கேள்வி மதியச் சாப்பாட்டையும் தாண்டி ஓடியது. ஆர்க்கிடெக்ட் எழுந்து பலகையில் ஒரு பெட்டி வரைந்தார்.

“ஒருத்தர் கதவைத் திறந்து, உள்ள எட்டிப் பார்த்து, யாருமில்லைன்னு மூடுறார். இன்னொருத்தர் திறக்காமலே யாருமில்லைங்கறார். இரண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்களா? முதல் ஆள்கிட்ட ஒரு நேர்மை இருக்கு.”

“உள்ள யாருமில்லைங்கறது இரண்டுலயும் ஒண்ணுதானே சார்?” என்றாள் புதுசு.

“அது முடிவு. நான் நடைமுறையைப் பத்திப் பேசறேன்,” என்று சொல்லி அவர் பெட்டியிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டார். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து, வரித் தொடக்கத்து வெற்றிடத்துக்கு ஒரு உபகுழு அமைத்தார்கள். இதில் காப்பாளரின் மூளை வேலை செய்தது. பழையது தந்ததையும் புதியது தந்ததையும் தாளில் அச்செடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னலில் ஒட்டி, வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் ஆளுக்கொரு அடிக்கோல். எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று கூடி வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. ஒரு தாளில் மட்டும், ஒரு மூலையில், கூடுதலாக ஒரு புள்ளி. ஆர்க்கிடெக்ட் உட்கார்ந்து அதற்கு நீளமான அறிக்கை எழுதினார். பிறகு யாரோ துடைத்ததும் புள்ளி போய்விட்டது, ஈ உட்கார்ந்த தடம். அறிக்கை போகவில்லை. அதன்மேல் நடவடிக்கை எடுக்க இன்னொரு உபகுழு வந்தது.

ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் அண்ணி தினமும், “சரியாயிடுச்சா?” என்று கேட்டாள். “காலி டப்பா முடிஞ்சிருக்கு, மேற்கோள் குறியில இருக்காங்க,” என்று சொல்லப் புதுசுக்கு வாய் வரவில்லை. “பார்த்துக்கிட்டிருக்காங்க அண்ணி,” என்று பூசி மெழுகினாள். சொல்லும்போதே அவள்மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தில் அவளே எழுந்து கேட்டாள். “எழுத்தை ஒப்பிடறதை விட்டுட்டு அர்த்தத்தை ஒப்பிடலாம் சார். இரண்டையும் படிச்சு, டப்பாவுக்கு டப்பா உள்ள இருக்கிறது ஒண்ணான்னு பார்த்தா போதும். நானே எழுதித் தர்றேன்.”

காப்பாளர் முகம் சுளித்தார். “அர்த்தத்தை ஒப்பிடணும்னா, அர்த்தம் என்னன்னு யாராவது சொல்லணும். அதுக்கு யாராவது படிக்கணும். யாரும் படிக்க வேண்டாம்னுதானே டெஸ்ட்டே வெச்சிருக்கோம்.”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஃபைல் ஒத்துப்போச்சுன்னு கையைக் காட்டிடலாம்,” என்றார் தலைவர். “அர்த்தத்தை யாரு மேல கை காட்டறது? நம்ம மேலதான் வந்து விடியும்.”

புதுசு ஒரே ஒரு கோல்டன் ஃபைலைத் திரையில் போட்டாள். “இதைப் பாருங்க சார். இந்த டெஸ்ட்ல உள்ளே போற தகவல் இரண்டு வரி. கோல்டன் ஃபைல்ல ஒரு வரிதான் இருக்கு. விடையே தப்பு.”

காப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “தப்பா இருந்தா அது எப்படிம்மா கோல்டன் ஃபைல் ஆகும்?”

“இதை யாரு எழுதினது?”

தலைவர் தொண்டையைச் செருமினார். குரலில் கூச்சம் இல்லை, பெருமைதான் இருந்தது. “நான்தான். எழுதலை. இத்தனையை யாராவது உட்கார்ந்து எழுதுவாங்களா? நிரலை ஒரு தடவை ஓட்டினேன். என்ன வந்து விழுந்துச்சோ, அதை அப்படியே எடுத்து வெச்சு, இதுதான் சரின்னு சொன்னேன். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் நிரல் ஒரு தப்புகூடப் பண்ணலை.”

பரீட்சை எழுதியவனின் தாளையே விடைத்தாளாக வைத்துத் திருத்தினால் அவன் ஏன் தோற்கப் போகிறான்? அந்தச் சாதனைக்காகத்தான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். அந்த நாற்காலியையும், அதைச் சுற்றி மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த தலைகளையும் புதுசு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் இவர்களைப் பார்த்தா பயந்தோம் என்று நினைத்தாள்.

கடைசியில் ஆர்க்கிடெக்ட் வழி கண்டுபிடித்தார். பழைய லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று மேலிடத்திலிருந்தே ஓலை வந்திருந்ததால், புதியதைத் தூக்கிவிட்டுப் பழையதற்குத் திரும்பவும் முடியாது. “புது லைப்ரரியே இருக்கட்டும்,” என்று பெருந்தன்மையோடு சொன்னார். “அதுக்கு வெளியே ஒரு ஒத்திசைவு அடுக்கு போடுவோம். புது லைப்ரரி எழுதினதை வாங்கி, கோல்டன் ஃபைல்ல இருக்கிற மாதிரியே மாத்தி அனுப்பும்.”

அவரும் காப்பாளரும் உட்கார்ந்து அந்த அடுக்கை எழுதினார்கள். காலி டப்பாக்களைத் திறந்து மூடினார்கள். ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கினார்கள். வெற்றிடத்தைக் கத்தரித்தார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஒவ்வொரு பச்சைக்கும் அலுவலகம் கைதட்டியது. கடைசியில் சுவர் முழுக்கப் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு மிஞ்சியது. இரண்டு வரி உள்ள அந்த டெஸ்ட். இப்போதாவது பார்த்துத்தானே ஆக வேண்டும், வேறு எதுவுமே மிச்சமில்லையே என்று புதுசு நாற்காலி நுனிக்கு வந்தாள். ஆர்க்கிடெக்ட் அதைப் பார்த்தார். என்னவோ தட்டினார். பச்சை.

“என்ன சார் பண்ணீங்க?”

“முதல் வரிக்கு அப்புறம் வர்றதை எடுத்துட்டேன்.”

“அதுதானே சார் தப்பு. அதைச் சரி பண்ணத்தானே இவ்வளவும்.”

ஆர்க்கிடெக்ட் கனிவோடு சிரித்தார். “முன்னாடி அது தப்பு. யாருக்கும் தெரியாம விட்டுப் போயிட்டிருந்தது. இப்ப தெரிஞ்சு, யோசிச்சு எடுக்கறோம். இப்ப அது வடிவமைப்பு.”

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். மேலிடம் அதைக் கவுன்சிலின் பரிசீலனைக்கே அனுப்பியது. கவுன்சில் பரிசீலித்து, சுவர் பச்சையாக இருப்பதாகப் பதில் அனுப்பியது. புது வெர்ஷன் வெளியானது. பாதுகாப்பு ஓட்டை அடைபட்டுவிட்டதால், இதுவரை வாங்கத் தயங்கிய ஆஸ்பத்திரிகளும் வாங்கிப் போட்டுக்கொண்டன. அதற்கொரு விழா நடந்தது. தலைவர் எழுந்து பேசினார். “நெருக்கடி வந்தா எல்லாரும் மாறுவாங்க. நாம மாறலை. உள்ள எல்லாத்தையும் மாத்தினோம், வெளியே ஒரு எழுத்து மாறலை. இதுக்குப் பேருதான் தரம்.” கேக் வெட்டினார்கள். புதுசுக்குத் துண்டு வந்தபோது அவள் வாங்கவில்லை. அதைப் பக்கத்திலிருந்தவர் வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலை புதுசு லீவு சொல்லக்கூட இல்லை. அண்ணனை உள்ளே கூட்டிப் போனதும், அண்ணியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார வைத்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல், “வரிசையில வாங்க,” என்றாள்.

“மருந்து வாங்க வரலை. ஆபரேஷனுக்கு உள்ள போயிருக்கிறது எங்க அண்ணன். அவருக்குப் பென்சிலின் ஆகாது. தியேட்டருக்கு மருந்து இங்கேருந்துதானே போகுது?”

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். “எல்லா மருந்தும் கொடுக்கலாம்னு இருக்கேம்மா. இப்பதான் புது வெர்ஷன் போட்டாங்க. தப்பா இருக்காது.”

“அந்தத் தகவலை இங்க அனுப்புற நிரலை எழுதற கம்பெனியிலதான் நான் வேலை பார்க்கறேன்,” என்றாள் புதுசு. “அதை நம்பாதீங்க. முதல் வரிதான் உங்களுக்கு வரும். மிச்சத்தை நாங்க வெட்டிட்டுத்தான் அனுப்பறோம். தெரிஞ்சேதான் வெட்டறோம்.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமா என்று யோசிக்கிற பார்வை. ஆனால் புதுசு கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பதைப் பார்த்தோ என்னவோ, எழுந்துபோய் தியேட்டருக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு ஊசி மருந்தை எடுத்துத் தனியே வைத்தாள். வேறொன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள். உள்ளே போன் போட்டு டாக்டரிடமும் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் திரையை விரலால் தட்டினாள்.

“உங்க அண்ணனுக்கு நீங்க வந்து சொல்லிட்டீங்க,” என்றாள். “மத்தவங்களுக்கு?”

புதுசு திரும்பிப் பார்த்தாள். வரிசை வாசலைத் தாண்டி நடைவழி வரைக்கும் போனது. கட்டுப் போட்ட கால்கள், தோளில் தூங்கும் குழந்தைகள், கையில் டோக்கன். முதலில் நின்ற வயதான மனிதரிடம் போனாள்.

“ஐயா, உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

“ஆமாம்மா, ஒண்ணு இருக்கு. வாயில நுழையாத பேரு,” என்றார் அவர். அவள் முகத்தில் இருந்த பதற்றத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கே தைரியம் சொல்வதுபோல் சிரித்தார். “அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. என் கண்ணு முன்னாடியேதான் தட்டி வெச்சார்.”